நிறைகோல் யார் கையில்?

ஆண்டுதோறும் ஆடித் திங்களில், காருவாவை ஒட்டிக் குழித்துறையில் வாவுபலிப் பொருட்காட்சி கூடுகின்றது. உவா என்னும் பழந்தமிழ்ச் சொல்லே குமரிநாட்டு மக்கள் வாயில் வாவு என வழங்குகின்றது. ஆற்றங்கரையில் முன்னோரை நினைந்து நீர்க்கடன் கழிக்க வந்தவர்கள், திரும்பும்பொழுது தென்னங்கன்றும் பலாக்கன்றும் மாங்கன்றும் வாங்கிக்கொண்டு போவது பல தலைமுறையாக நிலைத்துவிட்ட வழக்கம். ஒரு கன்றை வாங்கும் உழவன், ஐந்தாண்டு பத்தாண்டு எதிர்காலத்தையே விலை கொடுத்து வாங்குகின்றான். மழையை நம்புகின்றான், மண்ணை நம்புகின்றான், தன் இரு கைகளை நம்புகின்றான். இம்மூன்றும் அவனைப் பெரும்பாலும் கைவிடுவதில்லை. கைவிடுவது சந்தை ஒன்றே!

நட்டது வளர்ந்து, விளைந்து, வெட்டிய குலையோடும் பறித்த காயோடும் அவன் மார்த்தாண்டத்துச் சந்தையில் வந்து நிற்கும் விடியற்காலையில் அவனைப் பார்க்க வேண்டும். நிறைகோல் அவன் கையில் இல்லை. விலை அவன் நாவில் இல்லை. “என்ன விலைக்குத் தருவீர்?” என்று எவரும் அவனைக் கேட்பதில்லை. “இன்றைக்கு இவ்வளவுதான்” என்று அவனுக்குச் சொல்லப்படுகின்றது. துணிக்கடைக்காரர் துணிக்கு விலை சொல்கின்றார்; உரக்கடைக்காரர் உரத்துக்கு விலை சொல்கின்றார்; தேநீர்க் கடைக்காரர்கூடத் தம் தேநீருக்குத் தாமே விலை எழுதிப் பலகையில் மாட்டுகின்றார். தான் ஆக்கிய பொருளின் விலையைப் பிறர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உழைப்பாளி, உழவன் ஒருவனே!

இந்நிலை ஏன்? உழவரிடம் ஒற்றுமை இல்லை என்பார் சிலர். தரகர் தன்னலமே ஏது என்பார் வேறு சிலர். கல்வி போதாது என்பாரும் உளர். இவற்றில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் வேர் ஒன்று உண்டு. அது, காத்திருக்க இயலாமை. காத்திருக்க முடிந்தவன் விலை சொல்கின்றான். காத்திருக்க முடியாதவன் விலை கேட்கின்றான். சந்தையின் அறமும் மறமும் இந்த ஒரு வரிக்குள் அடங்கும்.

விளவங்கோடு வட்டத்து உழவர் பெருநிலக்கிழார் அல்லர். 2015–16-ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படித் தமிழ்நாட்டில் ஓர் உழவரின் கைந்நிலம் நிரலளவில் 0.75 எக்டேர். குமரி மாவட்டத்தில் அது இதனினும் மிகச் சிறிது. இங்கு நிலத்தை ஏக்கரில் பேசுவோர் குறைவு. சென்டில் பேசுவோரே மிகுதி. அந்தச் சில சென்டுக்குள் நாலு தென்னை, ஒரு பலா, வேலியோரத்தில் மிளகுக்கொடி, இடையில் வாழை, அதனடியில் மரச்சீனி, மேட்டுப்பாங்கில் இரப்பர் என்று மண்ணின் ஓரங்குலத்தையும் வீணாக்காமல் உழைக்கும் மக்கள் அவர்கள். உழைப்பில் குறையில்லை, விளைவிலும் குறையில்லை. விளைந்த பொழுதிலிருந்து விற்கும் பொழுது வரையுள்ள அந்த இடைவெளியில்தான் அவர்கள் தோற்கின்றனர்.

ஒவ்வொரு விளைபொருளுக்கும் ஒரு நாழிகைக் கணக்கு உண்டு. விடியலில் வடித்த இரப்பர்ப் பால் சில மணி நேரத்துக்குமேல் பொறுக்காது. அன்றே உறையூற்றித் தகடாக்க வேண்டும், அல்லது அன்றே விற்றுத் தீர வேண்டும். பிடுங்கிய மரச்சீனிக் கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்நரம்பு கறுத்துப்போகும். வெட்டிய வாழைக்குலைக்குச் சில நாள்களே வாழ்வு. தேங்காய் சில திங்கள் காத்திருக்கும். ஈரம் 6 விழுக்காட்டுக்கு இறங்கும்வரை உலர்த்திய கொப்பரை அதனினும் மிகுதியாகக் காத்திருக்கும். ஈரப்பதம் 14 விழுக்காட்டுக்குள் காய்ந்த நெல் ஓராண்டும் தாங்கும். பதமாக எடுத்த தேன் பல ஆண்டு கெடாது.

இந்தக் கணக்கை ஊன்றிப் பார்த்தால் ஒரு கொடுமை விளங்கும். விரைவில் அழியும் பொருளை உழவன் விரைந்து விற்பது இயற்கையின் கட்டாயம். ஆனால் தேங்காயையும் நெல்லையும் புகையூட்டிய இரப்பர்த் தகட்டையும் அவன் விரைந்து விற்பது ஏன்? அவை அழுகுவதில்லையே! பொருள் காத்திருக்கின்றது, கடன் காத்திருப்பதில்லை. பிள்ளையின் பள்ளிக் கட்டணமும், மருத்துவச் செலவும், நடவின்போது வணிகரிடம் வாங்கிய முன்பணமும் காத்திருப்பதில்லை. ஆகவே இருப்பு என்பது வெறும் கட்டடமன்று. பொருளை வைக்க ஓரிடமும், வைத்திருக்கும் நாள்வரை அடுப்பெரியக் கையில் சிறிது பணமும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே இருப்பு. கட்டடம் மட்டும் கட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்போர் பாதிக் கிணற்றை வெட்டியவரே ஆவர்.

முன்னோர் இதை அறியாதவர் அல்லர். குதிர், குலுக்கை, சேர், பத்தாயம், களஞ்சியம் எனக் கூலம் வைக்கும் கலங்களுக்கே தமிழில் எத்தனை பெயர்கள்! மண்ணால் வனைந்தது குலுக்கை. மரப்பலகையால் அடைத்தது பத்தாயம். வைக்கோற் புரியால் இறுகச் சுற்றி விதைநெல்லைக் காத்தது கோட்டை. அந்தக் கோட்டையே பின்னர் நாஞ்சில் நாட்டில் நெல்லுக்கு அளவாயிற்று. அவ்வளவு விதை கொள்ளும் நிலத்துக்கும் ‘கோட்டை விதைப்பாடு’ என அதுவே அளவாயிற்று. காக்கும் கலத்தின் பெயரே அளக்கும் கோலின் பெயராகி, நிலத்தின் பெயராகவும் நிலைத்த நாடு இது! கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரு போகத்தையும் பூவென அழைத்த உழவர், ஒரு பூவின் விளைவை மறு பூ வரை காக்கத் தெரிந்திருந்தனர். எனினும் அந்தக் காலத்தைப் பொற்காலமென்று பாடிவிட்டு அமைதல் நேர்மையாகாது. பத்தாயம் நிறைந்திருந்தது நிலமுடையார் வீட்டில். வரப்பில் நின்று அறுத்தவன் வீட்டில் இருந்தது ஒரு பானை. இன்று தேவைப்படுவது பழைய பத்தாயத்தின் மீட்பன்று. பானையளவே உடையவனுக்கும் பங்குள்ள பொதுப் பத்தாயம்.

அரசு இத்துறையில் ஒன்றும் செய்யவில்லை என்பதும் மெய்யன்று. சென்னை மாநிலத்தில் 1933-ஆம் ஆண்டிலேயே வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. 1936-இல் திருப்பூரில் பருத்திக்கென முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் திறக்கப்பட்டது. அந்நாளில் விளவங்கோடு திருவிதாங்கூர் மன்னராட்சிக்குள் கிடந்தமையால் அச்சட்டத்தின் நிழல் இங்கு விழவில்லை. பின்னர் 1959-இலும் 1987-இலும் சட்டங்கள் புதுக்கப்பட்டன. விற்பனைக்கூடத்தில் உரிய கட்டணமான 1 விழுக்காட்டை வாங்கும் வணிகரே செலுத்த வேண்டும். விற்கும் உழவர் செலுத்த வேண்டியதில்லை. விளைபொருளை அங்கேயே ஆறு திங்கள் வரை இருப்பு வைத்து, அதன் மதிப்பில் முக்கால் பங்கு வரை பொருளீட்டுக் கடன் பெறவும் வழியுண்டு. சேமிப்புக் கிடங்குகளுக்கென 1956-இல் நடுவண் சட்டம் பிறந்தது. 1958-இல் தமிழ்நாட்டுச் சேமிப்புக் கிடங்குக் கழகம் அமைந்தது. கிடங்குச் சீட்டையே பணம்போல் கைமாற்றத்தக்க ஆவணமாக்கும் சட்டம் 2007-இல் வந்தது. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, நாகர்கோவில் வடசேரிக்கும் வந்தது.

சட்டம் இருக்கின்றது, கூடம் இருக்கின்றது, கடனும் இருக்கின்றது. பின் குறை எங்கே? தொலைவிலும் அளவிலும் இருக்கின்றது. ஒரு சரக்குந்து நிறையப் பொருள் உடையவனுக்கு விற்பனைக்கூடம் அருகில் இருக்கின்றது. இரண்டு சாக்கு உடையவனுக்கு அதே கூடம் தொலைவில் இருக்கின்றது. ஐந்து குலைக்கு வண்டிக்கூலி கொடுத்து, ஒரு நாள் கூலியையும் இழந்து, படிவம் நிரப்பி, அலுவலரைக் காத்துநின்று கடன் வாங்குவதைவிட, வீட்டு வாயிலுக்கே வந்து கையில் பணத்தைத் திணிக்கும் வணிகர் அவனுக்கு எளியர். அவ்வணிகர் கொடியவர் என்பதனால் அன்று, அருகில் இருப்பவர் என்பதனால் அவர் வெல்கின்றார். உழவனுக்கு வேண்டிய ஏந்து, வணிகரைவிட அருகில் வந்தாலொழிய அவரை வெல்லாது.

இது நடவாத கனவு என்று எண்ணுவோர் தொலைவில் தேட வேண்டியதில்லை. குழித்துறைக்கு அணித்தாகிய மார்த்தாண்டத்தின் வரலாற்றையே புரட்டலாம். தொடுவெட்டி என்று முன்னர் வழங்கிய அவ்வூரில் 1920-களில் கிறித்தவ இளைஞர் கழகம் ஓர் ஊர்ப்புற மீட்டுருவாக்க நடுவத்தைத் தொடங்கியது. சேலத்தில் பிறந்த தமிழரான கே.டி. பால் அக்கழகத்தின் ஊர்ப்புறப் பணிக்கு வித்திட்டவர். இசுபென்சர் ஆட்ச் என்னும் அமெரிக்க வேளாண் அறிஞர் மார்த்தாண்டத்தில் தங்கி அதை நடத்தினார். அவர் கைக்கொண்ட கொள்கை எளியது: உதவி உழவனின் தன் கையிலிருந்தே வர வேண்டும், அறிவுரை அவனருகில் இருந்தே வர வேண்டும்.

அந்நாளில் ஏழை வீட்டில் இருந்தவை நாலு கோழியும், கூரையோரத்தில் ஒரு தேன்கூடும். ஒரு வீட்டு முட்டை ஏழெட்டுக்குச் சந்தையில் விலை இல்லை. பல வீட்டு முட்டைகளை ஓரிடத்தில் திரட்டி, சோதித்து, தரம் பிரித்து, நெடுந்தொலைவு நகர்க்கு அனுப்பியபொழுது அதே முட்டைக்கு விலை பிறந்தது. தேனும் அவ்வாறே. கூட்டைப் பிழிந்தெடுத்த கலங்கல் தேனுக்கு மாற்றாக, சட்டப் பெட்டியில் தேனீ வளர்க்கவும் தூய்தாக எடுக்கவும் கற்பித்து, 1937-இல் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுக் கழகம் ஒன்றும் அமைந்தது. ஒரு குடம் தேன் உடையவனும் பல குடம் உடையவனும் ஒரே வாயிலில் வந்து ஒரே நிறைகோலில் நிறுத்துக் கொடுத்தனர். தேனைப் பதப்படுத்துவதும் தரமுத்திரை இடுவதும் விற்பதும் கழகத்தின் பொறுப்பாயின. காத்திருக்கும் சுமை, தனியொருவன் தோளிலிருந்து இறங்கிக் கழகத்தின் தோளுக்கு மாறியது.

அந்த வித்தின் விளைவு இன்றும் பட்டுப்போகவில்லை. 1990-களின் தொடக்கத்தில் நச்சுயிர் நோய் ஒன்று தென்னாட்டுத் தேனீக் கூட்டங்களைப் பேரளவில் அழித்தது. பெட்டிகள் வெறுமையாயின; குடும்பங்கள் கலங்கின. ஆயினும் தொழில் மீண்டது. இரப்பர் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்புநீரை நம்பி, தழை துளிர்க்கும் பருவத்தில் பெட்டிகளைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுசெல்லும் அக்கலை அழியவில்லை. 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே ஆண்டில் குமரி மட்டி வாழைக்கும் அக்குறியீடு வந்தது. இவ்விரண்டையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். தேனுக்குக் குறியீட்டுக்கு முன்பே கழகம் இருந்தது. ஆகவே பெயரின் பயன் வளர்ப்போர் கைக்கு வர வாய்க்கால் இருந்தது. மட்டிக்குப் பெயர் வந்திருக்கின்றது. வாய்க்காலையும் அதே வலிமையோடு வெட்டியாக வேண்டும். வாய்க்கால் இல்லாத மழை யாருடைய வயலுக்குப் பாயும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பள்ளத்தில் நிலமுடையவன் வயலுக்கே பாயும்.

கடல் கடந்த நாடுகளும் இதையே சொல்கின்றன. தென்மார்க்கு நாட்டுச் சிற்றுழவர் 1895-இல் முட்டை ஏற்றுமதிக்கெனக் கூட்டுறவு அமைத்து, ஒவ்வொரு முட்டையிலும் அதைத் தந்தவரின் எண்ணைப் பொறித்தனர். கெட்ட முட்டை ஒன்று இங்கிலாந்துச் சந்தையில் உடைந்தால், அது எந்த ஊர் எந்த வீட்டுக் கோழியினது என்பது தெரிந்துவிடும். நேர்மை அங்கே அறவுரையால் வந்ததன்று, அமைப்பால் வந்தது. குசராத்தில் கைரா மாவட்டத்துப் பால் உழவர் 1946-இல் கூடியதும் இதே வழியில்தான். பால், முட்டை, தேன் எனச் சிறியவன் கையில் சிறிதாக இருக்கும் பொருளே கூட்டுறவுக்கு முதல் பொருளாயிற்று என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, விளவங்கோட்டின் பெரும்பயிரான இரப்பருக்கு வருவோம். இங்கே நிறைகோல் வேறொருவர் கையில் மட்டுமன்று, வேறொரு மாநிலத்திலும் இருக்கின்றது. 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இரப்பர் வாரியத்தின் தலைமையிடம் கோட்டயம். நாள்தோறும் கோட்டயத்து விலை என ஒன்று வெளிவருகின்றது. அதைப் பார்த்தே குலசேகரத்திலும் அருமனையிலும் மார்த்தாண்டத்திலும் விலை பேசப்படுகின்றது. கிலோ ஒன்றுக்கு 2011-ஆம் ஆண்டில் 240 உருபாவைத் தொட்ட அவ்விலை, 2016 தொடக்கத்தில் 100 உருபாவுக்கும் கீழே வீழ்ந்தது. 2024 ஆகசுட்டில் மீண்டும் 240-ஐத் தாண்டியது. ஐந்தாண்டில் பாதிக்கும் கீழே சரிந்து, எட்டாண்டில் மீண்டும் எழும் விலையில் பெருந்தோட்டக்காரர் தாங்கி நிற்பார். நாற்பது சென்ட் உடையவன் மரத்தை வெட்டி விறகாக்குவான், அல்லது பால் வடிப்பதையே நிறுத்துவான்.

எல்லைக்கு அப்பால் கேரள அரசு 2015-இல் ஓர் ஏற்பாடு செய்தது. கிலோவுக்கு 150 உருபா என ஒரு தாங்குவிலையை வரையறுத்து, சந்தை விலை அதற்குக் கீழே இறங்கினால் இடைவெளித் தொகையைச் சிற்றுழவரின் வங்கிக் கணக்கில் செலுத்தியது. அத்தாங்குவிலை 2021-இல் 170 உருபாவாகவும், 2024-இல் 180 உருபாவாகவும் உயர்ந்தது. களியக்காவிளைக்கு அப்பால் நிற்கும் மரத்துக்குத் தாங்குவிலை உண்டு. இப்பால் நிற்கும் மரத்துக்கு அத்தொகை எட்டாது. மண் ஒன்று, மழை ஒன்று, பால் ஒன்று, சந்தையும் ஒன்று! மலையாள உழவர்க்குக் கிடைத்ததைக் கண்டு காய்தல் தமிழர்க்கு அழகன்று. அவரும் வியர்வை சிந்துபவரே. தம் உழவர்க்கு ஓர் அரசு செய்ததைத் தம் உழவர்க்குத் தமிழ்நாட்டரசும் செய்ய வேண்டும் என்று கேட்பதே முறை.

இவ்வாறு கேட்கும் உரிமை விளவங்கோட்டார்க்குச் சிறப்பாக உண்டு. தமிழ்நாட்டோடு இணைய வேண்டும் என்று போராடி, 1954 ஆகசுட்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவலர் துமுக்கிக்கு மார்பு கொடுத்த மண் இது. அந்தக் குருதியின் விளைவாக 1956 நவம்பர் 1-ஆம் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தாயகத்தோடு சேர்ந்தன. தாயகத்தோடு சேர்ந்த மண்ணின் உழவன், தன் விளைவின் விலைக்கு இன்னும் அயல் ஊரை அண்ணாந்து பார்ப்பானாயின், அந்த இணைப்பு நிலப்படத்தில் முடிந்தது. வாழ்வில் முடியவில்லை என்றே பொருள்.

தில்லி அரசு காட்டும் வழியோ வேறு. 2016-இல் மின்வழித் தேசியச் சந்தை என ஒன்று திறக்கப்பட்டது. 2020-இல் மூன்று வேளாண் சட்டங்கள் கொண்டுவரப்பட்டன; உழவன் இந்தியாவின் எம்மூலையிலும் விற்கலாம் என்பது அவற்றுக்குச் சொல்லப்பட்ட பெருமை. தில்லி எல்லையில் உழவர் ஓராண்டுக்குமேல் வெயிலிலும் பனியிலும் அமர்ந்து போராடியபின், 2021 நவம்பரில் அவை திரும்பப் பெறப்பட்டன. அச்சட்டங்களில் இருந்த பெரும்பிழை இங்கே கருதத்தக்கது. நாளை வரை காத்திருக்க முடியாதவனுக்கு, நாடு முழுதும் விற்கும் உரிமை எதற்கு? பிடுங்கிய மரச்சீனி இரண்டாம் நாளே கறுக்கும்பொழுது, ஆயிரம் கல் தொலைவிலுள்ள விலையைக் கைப்பேசியில் பார்த்து அவன் என்ன செய்வான்? விடுதலை என்பது கதவைத் திறந்து வைப்பதில் மட்டும் இல்லை; நடந்துபோகக் காலில் வலுவிருப்பதில் இருக்கின்றது.

குளிர்பதனக் கிடங்கு கட்டினால் எல்லாம் தீரும் என்போரும் உளர். கட்ட வேண்டியதுதான், ஆனால் எண்ணிக் கட்ட வேண்டும். வாழை 13 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் தோல் கறுத்துப் பழுக்காமலே கெடும். எல்லாப் பொருளையும் ஓரறையில் அடைப்பது அழிவுக்கே வழி. மரச்சீனிக்கோ குளிரறையைவிட, ஈரமணலில் புதைத்து வைத்தலும், சீவி அவித்து உலர்த்தலும் எளியவை, மலிவானவை. கிழங்குப் பயிர்களுக்கெனத் திருவனந்தபுரத்தில் 1963 முதல் இயங்கும் நடுவண் ஆய்வகம் குமரிக்கு எட்டாத் தொலைவில் இல்லை. எல்லாவற்றினும் தலையாய கேள்வி, கிடங்கு யாருடையது என்பது. வணிகரின் கிடங்கு வணிகரின் பொருளையே காக்கும். உழவனிடம் மலிவாக வாங்கிய குலையை ஓணத்துக்கு முன் விலையேறும் நாள்வரை வைத்திருக்க அது பயன்படுமேயன்றி, உழவனுக்கு ஒரு காசும் மிகாது. கிடங்கு பெருகப் பெருக உழவன் மேலும் இளைப்பதும் நடக்கக்கூடியதே.

விளைபொருள் இழப்பு எவ்வளவு என்பதை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வொன்று 2015-இல் அளந்து காட்டியது. கூலங்களில் ஏறத்தாழ 5 முதல் 6 விழுக்காடும், கனிகளில் பயிருக்கேற்ப 7 முதல் 16 விழுக்காடும் அறுவடைக்குப் பின் வீணாகின்றன. இவ்விழப்பு கண்ணுக்குத் தெரிவது; அழுகிய கனியாகக் குப்பையில் கிடப்பது. அழுகிவிடுமே என்ற அச்சத்தால், அழுகாத கனியை அரைவிலைக்குத் தள்ளிவிடும் இழப்பு எந்தக் குப்பையிலும் கிடப்பதில்லை. எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. மாலை சாயும்வரை சந்தைத் தரையில் அமர்ந்து, கடைசிக் கூறு கிழங்கை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் பேருந்துக்கு விரையும் தாய்மாரே அக்கணக்கை அறிவர்.

ஆகவே செய்யத்தக்கவை எவை?

முதலாவது, ஊராட்சிதோறும் சிறுகளம், சிறுகிடங்கு. உலர்த்தும் தளமும், எலி புகாத அறையும், சரியான நிறைகோலும் நடந்துபோகும் தொலைவில் இருத்தல் வேண்டும். அவை உழவர் கூட்டுறவின் உடைமையாதல் வேண்டும்.

இரண்டாவது, வைத்த அன்றே கடன். பொருளை நிறுத்துப் பற்றுச்சீட்டு கொடுக்கும் அதே வாயிலில், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கழகம் அதன்மீது பணம் கொடுத்தல் வேண்டும். பத்துக் கிலோவுக்கும் சீட்டு உண்டு என்றால்தான் சிறியவன் வருவான்.

மூன்றாவது, இரப்பருக்குப் பொதுப் புகையறைகளும், கேரளத்துக்கு ஒப்பான தாங்குவிலையும். பாலாக விற்பவன் அன்றைய விலைக்கு அடிமை. உலர்ந்த தகடாக வைத்திருப்பவனே விலையோடு பேசுகின்றான்.

நான்காவது, விலையும் கணக்கும் தமிழில். அன்றைய விலை, எடை, கழிவு, தரகு ஆகியவை ஒவ்வொரு சந்தை வாயிலிலும் கிடங்குச் சீட்டிலும் உழவன் படிக்கும் தமிழில் எழுதப்படல் வேண்டும். தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டமும் குமரி இணைந்த அதே 1956-ஆம் ஆண்டினது. புரியாத மொழியில் எழுதிய சீட்டு, கணக்கை மறைக்கும் திரை. மொழியுரிமை என்பது மேடையில் முழங்குவது மட்டுமன்று. நிறைகோலின் முள்ளைப் படிக்க முடிவதும் மொழியுரிமையே.

ஐந்தாவது, மட்டிக்கும் தேனுக்கும் கிடைத்த குறியீடுகளின் ஆளுமை, விளைப்போர் கூட்டமைப்பின் கையில் நிலைத்தல்.

அரசு செய்யும் என்று காத்திருப்பதும் ஒருவகை இயலாமையே. தமிழ் உணர்வுடைய இளைஞர் தத்தம் ஊரில் பத்துக் குடும்பத்தைத் திரட்டி, பத்து வீட்டுத் தேங்காயை ஓரிடத்தில் குவித்து, ஒரே விலை சொல்லத் தொடங்குவதற்கு எந்தச் சட்டமும் தடையன்று. மார்த்தாண்டத்தில் முட்டையையும் தேனையும் திரட்டியவர்களிடம் அன்று கோடி உருபா இருந்ததில்லை. ஒரு கூடை இருந்தது. ஒரு குறிப்பேடு இருந்தது. ஒருவரையொருவர் ஏமாற்றாத உறுதி இருந்தது. நகரத்துத் தமிழரும் தம் பங்கைச் செய்யலாம். கூட்டுறவின் முத்திரை பொறித்த பொருளைக் கேட்டு வாங்குதல், அயலான் கடையில் இரண்டு காசு குறைவென்று ஓடாதிருத்தல் ஆகியவையும் இனத்தொண்டே.

அடுத்த ஆடியிலும் குழித்துறை ஆற்றங்கரையில் கூட்டம் கூடும், கன்றுகள் விற்கும். ஒவ்வொரு கன்றோடும் ஒரு நம்பிக்கை வீட்டுக்குப் போகும். அந்தக் கன்று காய்க்கும் நாளில், அதன் காயை நிறுக்கும் கோல் அதை நட்டவன் கைக்கு வந்திருக்க வேண்டும். கன்று வளரும் காலமே தமிழர்க்கு உள்ள காலம். அதற்குள் கிடங்கும் எழட்டும்! கழகமும் எழட்டும்! விளைத்தவன் வாய்திறந்து விலை சொல்லட்டும்!